பக்க விளைவு இல்லாத நாட்கள்

மைக்ரானின் வாய் நாறுகிறது என்று முதலில் சொன்னது அவர் மனைவிதான். நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய உரிமையில் சொன்னார்.

"என்னங்க, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வாய்க்குள்ள ஏதோ செத்துக் கிடக்கு."

அதுவரை அந்த நாற்றம் சமையலறைக் குழாயிலிருந்து வருகிறது என்றுதான் மைக்ரான் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டியும் இருந்தார்.

முப்பத்துநான்கு வருஷம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர் அவர். ஒரு முடியை நாலாகப் பிளந்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு பிசகினாலும் சாமானைக் கழித்துக்கட்டிவிடுவார் என்பதால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சொந்தப் பெயரைச் சொன்னால் இப்போது அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். பட்டறைத் தூசியில் ஆஸ்துமா வந்தது. ஆஸ்துமாவுக்கு வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டார். அது மூச்சைக் காப்பாற்றி எலும்பை அரித்துவிட்டது. இரண்டு படி ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றப்போனவர் கீழே விழுந்தார். மணிக்கட்டு சாக்பீஸ் மாதிரி முறிந்தது. ஊரின் பெரிய எலும்பு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, எலும்பு கெட்டிப்பட வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த மாத்திரைக்குச் சட்டதிட்டம் அதிகம். வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பிறகு அரைமணி நேரம் படுக்கக்கூடாது, குனியக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மைக்ரான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால், வீடு தீப்பிடித்தாலும் ஆறரைக்குத்தான் எழுந்திருப்பார். ஏழு வருஷம். முந்நூற்று அறுபத்துநான்கு ஞாயிறுகள். ஒன்றுகூடத் தவறவில்லை. "போதும், நிறுத்திடலாம்" என்று டாக்டர் சொன்னதும் நிறுத்தினார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இந்த நிலையில்தான் ஒரு கடைவாய்ப் பல் ஆடியது. தெருமுனைப் பல் டாக்டர் ஒருவர் எதையும் கேட்காமல் பிடுங்கிப் போட்டார். நாலு மாதமாகியும் குழி மூடவில்லை. நாக்கு அங்கே போகும்போதெல்லாம் உடைந்த பீங்கான் மாதிரி ஏதோ ஒன்று தட்டுப்பட்டது.

மனைவிதான் வேறொரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். சாவி வெட்டும் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போக வேண்டிய சின்ன இடம். சின்ன வயசுப் பெண். டார்ச் அடித்துப் பார்த்தாள். நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை; மைக்ரானுக்கு அதுவே பாதி வைத்தியம் ஆனமாதிரி இருந்தது.

"ஐயா, நாக்குல தட்டுறது உங்க தாடை எலும்பு. வெளிய தெரியுது. எலும்புக்குன்னு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா. ஆனா நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சே."

"நீங்க நிறுத்திட்டீங்க, அது நிறுத்தல. எலும்புக்குள்ள போய் உட்கார்ந்துட்டா பல வருஷம் எழுந்திரிக்காது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆகறவங்களுக்குப் பல்லைப் பிடுங்கினா புண்ணு ஆறாது." கையுறையைக் கழற்றினாள். "இதை நான் தொடக்கூடாது. தாடை ஆபரேஷன் பண்றவங்ககிட்ட போகணும். அதுக்கு ஒரு எலும்பு டாக்டர் லெட்டர் வேணும். என்ன மாத்திரை, எத்தனை வருஷம், எப்போ நிறுத்தினது, அதனால என்ன ஆயிருக்கு. நாலு வரிதான். சீக்கிரம் வாங்கிடுங்க. விட்டா தாடை தானா உடையும்."

மாத்திரை கொடுத்தவர்களிடமே எழுதி வாங்குவதுதான் முறை என்று மைக்ரான் நினைத்தார். முறை பார்த்தே கெட்டவர்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை புதிதாக முளைத்திருந்தது. சிவப்பு விளக்கெழுத்தில் 'பக்க விளைவு இல்லாத நாட்கள்: 3,212' என்று மின்னியது. மைக்ரானின் பட்டறையிலும் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. கூட வேலை செய்த ஒருவனுக்கு விரல் போனபோது அவனைச் சொந்த வேலையாக லீவில் போனதாக எழுதினார்களே தவிர, பலகையில் கை வைக்கவில்லை.

பதிவு மேஜையில் இருந்த குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார். "கடைசியா பீரியட்ஸ் வந்த தேதி?"

மைக்ரான் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. "என்னையா கேக்கறீங்க?"

"எலும்பு ஃபாரம் லேடீஸுக்குன்னு பண்ணது சார். அந்தக் கட்டத்துல தேதி போடலைன்னா அடுத்த பக்கம் திறக்காது. ஏதாவது ஒரு தேதி சொல்லுங்க."

"ஏதாவதுன்னா எப்படிங்க? வராத ஒண்ணுக்கு..."

மனைவி குறுக்கே புகுந்து கல்யாணத் தேதியைச் சொன்னார். "அதைப் போடுங்க. அன்னியோட இவருக்கு எல்லாம் நின்னு போச்சு."

அடுத்த பக்கம் திறந்தது. சீட்டில் அவர் பெயருக்கு முன்னால் 'திருமதி' என்று அச்சாகி வந்தது. அதை மாற்றத் தனிப் படிவம் உண்டாம். அந்தப் படிவத்தைத் திருமதிகள் மட்டுமே வாங்க முடியுமாம்.

உள்ளே இளம் டாக்டர் ஒருவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "உங்க எலும்பு அடர்த்தி பிரமாதம் சார். இருபத்தஞ்சு வயசுப் பையன் மாதிரி இருக்கு."

"டாக்டர், வாய்ல ஒரு புண்ணு..."

"நாங்க எலும்பு மட்டும்தான் பாப்போம்."

"இதுவும் எலும்புதான் டாக்டர். வெளியவே தெரியுது. கொஞ்சம் எட்டிப் பாத்தீங்கன்னா..."

"பல்லு முளைக்கிற எலும்பு எங்க டிபார்ட்மென்ட் இல்ல."

"மாத்திரையோட பக்க விளைவுன்னு பல் டாக்டரம்மா..."

இளம் டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அந்த வார்த்தையை இங்க சத்தமா சொல்லாதீங்க சார். வாசல்ல போர்டு பாத்தீங்கல்ல? அந்தக் கணக்கு முன்னாடி ஒருதரம் பூஜ்யத்துக்குப் போகக் காரணமா இருந்த டாக்டர் இப்போ சவக்கிடங்குக்குச் சாவி வெச்சிக்கிட்டிருக்கார். எனக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு." சீட்டில் ஏதோ கிறுக்கி நீட்டினார். "ரெண்டாவது மாடி. அனுபவ வகைப்பாட்டு அலுவலர்."

அந்த அலுவலரம்மாவின் அறையில் மூன்று மூலையிலும் வாசனைப் புட்டிகள் இருந்தன. மைக்ரான் வாய் திறந்ததும் நாலாவதை மேஜையிலிருந்து எடுத்து அடித்தார். பேச்சு மட்டும் தேன்.

"ஐயா, நாங்க எந்த நோயாளியோட வலியையும் மறுக்கறதே இல்ல. பேரை மட்டும்தான் மாத்துவோம். மருந்து சாப்பிடும்போது வந்தா அது உடம்போட வரவேற்பு. சாப்பிட்டு முடிச்சப்புறம் வந்தா ஞாபகம். உங்களுக்கு வந்திருக்கறது ஞாபகம்."

"ஞாபகத்துல சீழ் வருமாம்மா?"

"ஒவ்வொருத்தர் மனசும் ஒவ்வொரு மாதிரி." ஒரு பட்டியலை நீட்டினார். "ஒண்ணு, சரியா பல் தேய்க்கலை. ரெண்டு, வயசு. மூணு, பயம். எதுல டிக் பண்ணாலும் உடனே லெட்டர் தர்றோம்."

"மாத்திரைன்னு ஒண்ணு போட்டிருந்தா..."

"மாத்திரையை எப்படிப் போடறது? அது நாங்க கொடுத்ததாச்சே."

மைக்ரான் எதிலும் டிக் செய்யவில்லை. அளவு தெரிந்தே தப்பாக எழுத அவர் கை அதுவரை பழகியதில்லை. டிக் செய்யாதவர்களுக்கு ஒரு வகுப்பு உண்டு என்றும், ஆறு வாரம் தவறாமல் வந்தால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் என்றும் அலுவலரம்மா சொன்னார். வகுப்பின் பெயர் 'உறுப்போடு உறவாடு'.

வகுப்பில்தான் டிரைவரம்மாவின் பழக்கம் கிடைத்தது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். ஒன்பது வருஷமாக அதே மாத்திரை. அஞ்சு மாதமாக இரண்டு தொடையிலும் உள்ளுக்குள் குத்துகிற வலி. கிளட்சை மிதித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சியவருக்குப் 'பயணக் களைப்பு' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் சும்மா இருக்கும்போதும் வலிக்கிறதே என்றதற்கு, அது வரப்போகும் பயணத்தின் களைப்பு என்றார்களாம்.

பயிற்சியாளர் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். அவரவர் உறுப்புக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்.

"எழுதி யார்கிட்ட கொடுக்கறது, தொடைகிட்டயா?" என்று டிரைவரம்மா கேட்டார்.

"மனசால கொடுங்கம்மா."

மைக்ரான், 'அன்புள்ள தாடைக்கு, எனக்கு நாலு வரி வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். நன்றி என்ற சொல் வரவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

ஆறு வாரம் பத்தாயிற்று. கன்னம் வீங்கிப் பளபளத்தது. ராத்திரி சீழ் படிந்த தலையணை உறையை மனைவி காலையில் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போவார். எதையும் மெல்ல முடியாமல் ரொட்டியைப் பாலில் கரைத்துக் குடித்தார் மைக்ரான். காத்திருக்கும் கூடத்தில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். கடைசியில் காவலாளி, ஜன்னலுக்கு வெளியே செருப்பு விடுகிற இடத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டார். 'சிறப்பு இருக்கை' என்று அதில் ஒரு காகிதமும் ஒட்டியிருந்தது. அதைப் படித்தபோது மைக்ரானுக்கு அழுகை வரவில்லை. குமட்டியது. நாற்றம் தன்னிடமிருந்து மட்டும் வரவில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் அலுவலரம்மாவே போன் செய்தார். குரலில் தேன் கூடியிருந்தது.

"ஐயா, நம்ம ஆஸ்பத்திரிக்கு 3,300ஆவது நாள் விழா. தூய்மைச் சான்றிதழ் கொடுக்க வெளியிலேர்ந்து பெரியவங்கல்லாம் வர்றாங்க. ஒரு டோஸ்கூட விடாம மாத்திரை சாப்பிட்டவர் நீங்க ஒருத்தர்தான்னு ரெக்கார்டு சொல்லுது. மேடையில முன்மாதிரி நோயாளியா சும்மா நின்னீங்கன்னா போதும். மாஸ்க் நாங்களே தர்றோம். வாயை மட்டும் திறக்காதீங்க. முடிஞ்சதும் உங்க லெட்டர் கையில."

"நாலு வரியும் இருக்குமாம்மா?"

"அஞ்சாவே தர்றோம்."

போனை வைத்ததும் மனைவி முறைத்தார். "போய் நிக்கப்போறீங்களா? வெக்கமா இல்ல?"

"தாடை உடைஞ்சுட்டா வெக்கப்படக்கூட முடியாதே" என்றார் மைக்ரான்.

விழாவன்று அவருக்கு மூன்று மாஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினார்கள். மூன்றிலும் புதினா எண்ணெய். மேடையில் அவர் கழுத்தில் 'முன்மாதிரி நோயாளி' என்ற பட்டை தொங்கியது. கீழே நாலாவது வரிசையில் மனைவி, பக்கத்தில் டிரைவரம்மா. எக்ஸ்ரே வேண்டுமென்றால் வந்து கைதட்ட வேண்டும் என்று அவருக்கும் சொல்லியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரித் தலைவரான பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்தார். நல்ல வெண்கலக் குரல்.

"இந்தச் சாதனை எப்படி முடிஞ்சதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணுமில்ல. நாங்க நேராத்தான் பாப்போம். பக்கத்துல பாக்கறதில்ல. பக்கத்துல பாக்காதவனுக்குப் பக்க விளைவு ஏது?" கைதட்டல். "முன்னெல்லாம் நோயாளி வந்து வலிக்குதுன்னு சொன்னா, டாக்டர் உடனே என்னன்னு பாத்துடுவார். அந்த மாதிரி அவசரப்பட்டதாலதான் அந்தக் காலத்துல அவ்வளவு பக்க விளைவு. இப்போ நாங்க பொறுமையைக் கத்துக்கிட்டோம். நோயாளிக்கும் கத்துக் கொடுக்கறோம். பத்து வாரம் பொறுத்தா நூத்துக்குத் தொண்ணூறு பேர் திரும்பி வர்றதில்ல. அதாவது குணமாயிடறாங்க!" மறுபடியும் கைதட்டல். "இந்த மருந்து எலும்பை இரும்பாக்கும். அதுக்கு நீங்களே சாட்சி. எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டுங்க பார்ப்போம்!"

எல்லோரும் எழுந்தார்கள். டிரைவரம்மாவும் எழுந்தார். காய்ந்த கொம்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கைதட்டலுக்கு நடுவிலும் அது மேடைவரை கேட்டது. விழவில்லை, இடிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. எழுந்து நின்ற கால் நின்ற இடத்திலேயே தொடையில் மடங்க, அவர் அலறிக்கொண்டு சரிந்தார்.

பத்து வாரமாக எக்ஸ்ரேவுக்கு ஆள் கிடைக்காத ஆஸ்பத்திரியில், முப்பது விநாடியில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அலுவலரம்மா முன்னால் ஓடி வழி விலக்கினார். ஸ்ட்ரெச்சர் சிகிச்சை அறைப் பக்கம் திரும்பாமல் வாசல் பக்கம் திரும்பியதை மேடையிலிருந்த மைக்ரான் பார்த்தார். மனைவியும் பின்னாலேயே ஓடினார்.

"யாரும் பதற வேண்டாம்" என்றார் பெரிய டாக்டர். "உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. இப்போ நம்ம முன்மாதிரி நோயாளி." மைக்ரானின் முதுகில் கைவைத்து மைக் முன்னால் தள்ளினார். "முந்நூத்தி அறுபத்திநாலு வாரம்! இவருக்கு ஏதாவது ஆயிருக்கா? நீங்களே பாருங்க!"

பாருங்கள் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்லி மைக்ரான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று மாஸ்க்கையும் கழற்றினார். வலது கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்தார். மேடை விளக்கில் எலும்பு மஞ்சளாக, சீழோடு தெரிந்தது. பத்து வாரம் சேர்த்து வைத்த நாற்றம் புதினாவின் தடை நீங்கி இறங்கியது. சான்றிதழோடு வந்த பெரிய மனிதர் அந்தச் சான்றிதழாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். முதல் வரிசை எழுந்து நின்றது. இந்த முறை யாரும் சொல்லாமலே. பெரிய டாக்டர் மைக்கிலிருந்து பின்வாங்கி, "மூடுய்யா, மூடு!" என்று கத்தினார். அதுவும் மைக்கில் கேட்டது.

மைக்ரான் பட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தார். வழி தானாக விலகியது.

வாசலுக்கு வெளியே நடுத்தெருவில், தார் ரோட்டின்மேல், டிரைவரம்மா கிடந்தார். ஸ்ட்ரெச்சரைத் திருப்பி எடுத்துப் போயிருந்தார்கள். காவலாளி அவரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அலுவலரம்மா ஒரு தாளில், 'சாலை விபத்து' என்று எழுதி நேரத்தைக் குறித்தார். மைக்ரானின் மனைவி வெயில் படாமல் முந்தானையை விரித்துப் பிடித்தபடி, அலுவலரம்மாவைப் பார்த்து, அதுவரை கணவர்கூடக் கேட்டிராத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேறொரு சின்ன ஆஸ்பத்திரியின் வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. அங்கே தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு எலும்பு டாக்டர் முதல் வேலையாக இரண்டு தொடையையும் எக்ஸ்ரே எடுத்தார். ஒன்று முறிந்திருந்தது, இன்னொன்றில் கீறல் விட்டிருந்தது. "இந்த வலி வந்தப்பவே ஒரு படம் எடுத்திருந்தா கம்பி வெச்சுத் தடுத்திருக்கலாமே" என்றார். பிறகு அவர் மைக்ரான் பக்கம் திரும்பி, மூக்கை உறிஞ்சி, "நீங்க கொஞ்சம் வாயைத் திறங்க" என்றார். மனைவியின் பையில் இருந்த பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்து, நின்றபடியே நாலு வரி எழுதினார். எண்ணிப் பார்த்தால் மூன்றரைதான்.

ஆபரேஷனில் வலப்பக்கத் தாடையில் ஒரு துண்டையும் இரண்டு பற்களையும் எடுத்தார்கள். நாற்றம் போயிற்று. கீழுதட்டில் பாதி மரத்தே போய்விட்டது. தண்ணீர் குடித்தால் சட்டை நனையும். டிரைவரம்மாவுக்கு இரண்டு தொடையிலும் கம்பி. படுக்கையில் இருக்கும்போதே அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. வாகனம் எதுவும் இல்லாமல் நடுரோட்டில் விபத்து ஏற்படுத்தியதற்காக அவருடைய லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குச் சான்றிதழ் தபாலில் வந்து சேர்ந்தது.

மூன்று மாதம் கழித்து, தையல் போட்ட இடத்தைக் காட்ட மைக்ரானும் மனைவியும் சாவிக்கடை மாடிக்குப் போயிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மரப்படி முனகியது. தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒருவர் ஏறி வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். அவரைப் பார்க்கும் முன்பே மைக்ரானுக்கு அந்த நாற்றம் தெரிந்துவிட்டது. ஏழு கடல் தாண்டி வந்தாலும் அவருக்கு அது தெரியும். அப்புறம்தான் கண்களைப் பார்த்தார். பெரிய டாக்டர்.

பெரிய டாக்டரும் கண்டுகொண்டார். தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "அஞ்சு வருஷமா நானும் அதே மாத்திரைதான்" என்றார். "முதுகெலும்பு தேய்ஞ்சிருக்கு. இப்போ இங்க ஒரு பல்லு ஆடுது. கன்னமும் வீங்குது."

"உங்க ஆஸ்பத்திரியிலயே பாத்திருக்கலாமே டாக்டர்."

"அங்க யாரு பாக்கறாங்க?" என்றார் பெரிய டாக்டர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். திரைக்குப் பின்னால் நாற்காலி சாய்கிற சத்தம், டார்ச் சொடுக்குகிற சத்தம். பிறகு அந்தப் பெண்ணின் குரல்.

"ஆடுது சார், எடுத்துடலாம். எலும்புக்குன்னு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

"இல்லம்மா" என்றது வெண்கலக் குரல்.

மைக்ரான் எழுந்தார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார். "உட்காருங்க. பிடுங்கட்டும். நல்லா பிடுங்கட்டும்." அவர் கண்ணில் தார் ரோடு தெரிந்தது.

மைக்ரானுக்கும் அதே நினைப்புத்தான். செருப்பு விடும் இடத்து நாற்காலியும் தலையணை உறையும் நினைவுக்கு வந்தன. உள்ளே தட்டில் இடுக்கியை எடுக்கும் சத்தம் கேட்டது. தன் சட்டையிலிருந்து மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டுப் போய்த் திரையை விலக்கினார்.

"பொய் சொல்றார்மா. அஞ்சு வருஷம், வாரம் ஒண்ணு. எழுதிக்கோங்க."

உதடு மரத்திருந்ததால் வார்த்தை கொஞ்சம் குழறியது. ஆனால் புரிந்தது. பெண் இடுக்கியைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். பெரிய டாக்டர் வாயைத் திறந்தபடியே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் நாலாவது வரியை எழுதி முடிக்கும்வரை மைக்ரான் திரையிலிருந்து கையை எடுக்கவில்லை.